வவுனியா வரை சைக்கிளில் போகிறீர்களா? கடைசி 14 நாளை இப்படிக் கழியுங்கள்

மாங்குளத்துக்கு ஐந்தாறு கிலோமீட்டர் முன்னால், ஏ9 வீதியோரம் ஒரு மர நிழலில் சைக்கிளைச் சாத்திவிட்டு இருந்த அந்த அரை மணித்தியாலம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கு ஏறக்குறைய 140 கிலோமீட்டர். அதற்காக நான்கு மாதம் ஒழுங்காகப் பழகியிருந்தேன். சாப்பாட்டில் குறையில்லை, சைக்கிளிலும் பிழையில்லை. ஆனால் கால் இரண்டும் தண்ணீரில் ஊறிய மரக்கட்டை போல இருந்தன. பெடலை அழுத்தினால் உள்ளே ஒன்றுமே இல்லை.

காரணம் பிறகுதான் விளங்கியது. பயணத்துக்கு ஐந்து நாள் முன்னால், கடைசியாக ஒருக்கால் பார்த்துவிடுவோம் என்று ஆனையிறவு வரை போய்த் திரும்பியிருந்தேன். போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல். அது போதாதென்று அடுத்த இரண்டு நாளும் காங்கேசன்துறைப் பக்கம் வேகமாக ஓடினேன். நான்கு மாதம் சேர்த்த பலன் முழுவதும் உடம்பில் இருந்தது. அதன் மேல் களைப்பும் அப்படியே ஏறி இருந்தது.

அடுத்த முறை மறுபக்கம் பிழைத்தேன். இனிக் களைக்கவே கூடாது என்று பத்து நாள் சைக்கிளைத் தொடவே இல்லை. புறப்பட்ட அன்று கொடிகாமம் தாண்டும்வரை மூச்சு ஒரு நிலைக்கு வரவில்லை, தொடை இறுகிப்போய் இருந்தது. மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. அந்த மூன்றாவது முறையில் செய்தவற்றையும், அதற்குப் பிறகு வாசித்தும் பழகியும் அறிந்தவற்றையும் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். சைக்கிள் ஓட்டப் பயிற்சியாளர்கள் இதை டேப்பரிங் என்பார்கள். நான் பயிற்சிக் குறைப்பு என்றே எழுதுகிறேன்.

குறைத்தால் ஏன் பலம் கூடுகிறது

படிகளுக்குப் போக முன்னம் இதை விளங்கிக்கொள்வது நல்லது. விளங்காவிட்டால் கடைசிக் கிழமையில் மனம் கேட்காது, சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவீர்கள்.

பயிற்சி செய்யும்போது உடம்பில் இரண்டு காரியம் ஒன்றாக நடக்கிறது. திறன் மெல்ல ஏறுகிறது, களைப்பும் கூடவே ஏறுகிறது. பயிற்சியைக் குறைத்தால் களைப்பு சில நாட்களில் இறங்கிவிடும். திறன் இறங்கக் கிழமைகள் எடுக்கும். இந்த இடைவெளியில் ஒரு கட்டம் வருகிறது. களைப்பு போய்விட்டது, திறன் போகவில்லை. புறப்படும் நாள் அந்தக் கட்டத்தில் விழ வேண்டும்.

அந்த நாட்களில் தசைநார்களில் ஏற்பட்ட சிறு கிழிவுகள் ஆறுகின்றன. தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை நிரம்புகிறது. நன்றாகப் பழகிய ஒருவரின் தசைகளில் 400 முதல் 500 கிராம் வரையும், ஈரலில் 100 கிராமுக்குக் கிட்டவும் இது சேரும். நீண்ட பயணத்தில் முதலில் தீர்ந்துபோகும் எரிபொருள் இதுதான். மாங்குளத்தில் என் காலில் இல்லாமற்போனதும் இதுதான்.

அடியோடு நிறுத்தினால் என்ன நடக்கும்? சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி குறையத் தொடங்கும். அதனால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் இரத்தம் குறையும், அதே வேகத்துக்கு நாடி கூட அடிக்கும். இரண்டு மூன்று கிழமை போனால் மூச்சுத் திறனும் குறைவது தெரியவரும். அதனால்தான் நிறுத்தாமல் குறைக்கிறோம்.

எவ்வளவு குறைப்பது என்று நீண்டதூர விளையாட்டுக்களில் நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே முடிவுதான் வருகிறது: ஏறக்குறைய இரண்டு கிழமைக்கு மொத்தத் தூரத்தை 40 முதல் 60 வீதம் வரை வெட்ட வேண்டும். வேகத்தை வெட்டக் கூடாது. கிழமைக்கு எத்தனை நாள் ஓடுகிறீர்களோ அந்த எண்ணிக்கையையும் பெரிதாகக் குறைக்கக் கூடாது. இப்படிச் செய்தால் சராசரியாக இரண்டு மூன்று வீதம் முன்னேற்றம் கிடைக்கிறது. கேட்கச் சின்னக் கணக்குத்தான். எட்டு மணித்தியாலப் பயணத்தில் அது பத்துப் பதினைந்து நிமிடம். நேரத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று: முறிகண்டிக்குப் பிறகு வரும் அந்த நீண்ட காட்டு வீதியில் காலில் இன்னும் உயிர் இருக்கும்.

முதல் படி: நாளைப் பார்த்துக் குறியுங்கள்

பயண நாளைத் தீர்மானிக்கும்போதே அதற்கு முந்திய இரண்டு கிழமையையும் கலண்டரில் பாருங்கள். எங்கள் ஊரில் இது முக்கியம். நல்லூர்த் திருவிழா 25 நாள். வெயிலில் வெறுங்காலுடன் நின்று, சுற்றி, இரவு நேரம் கழித்து வீடு வருகிறவருக்கு அந்த நாட்களில் ஓய்வு கிடையாது. கந்தசஷ்டி ஆறு நாள் உபவாசம் பிடிப்பவர் அதை முடித்த கிழமையில் 140 கிலோமீட்டர் உழக்க நினைக்கக் கூடாது. நோன்பு மாதத்துக்கும் இதே யோசனைதான். விரதத்தை விடச் சொல்லவில்லை, பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். வீட்டில் கலியாணம், பூப்புனித நீராட்டு விழா என்று பந்தல் வேலையும் நித்திரை முழிப்பும் இருந்தாலும் அப்படியே.

காற்றையும் பாருங்கள். மே முதல் செப்ரெம்பர் வரை சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். பளை தாண்டித் தெற்கே திரும்பினால் அது முகத்திலும் பக்கத்திலும் விழும். ஆனையிறவில் இரண்டு பக்கமும் வெளி, மறைப்பே இல்லை. மார்கழி, தை வாடைக்காற்றில் நிலைமை மாறும். கொடிகாமம் வரை கிழக்கே போகும்போது கொஞ்சம் இடைஞ்சல், பிறகு முதுகில் தள்ளும். மாரி மழை ஓய்ந்த தை, மாசிதான் என் தெரிவு.

தூரத்தைப் பொறுத்து நாட்களும் மாறும். 100 கிலோமீட்டருக்கு ஒரு கிழமைக் குறைப்புக் காணும். 140 முதல் 200 வரை என்றால் பத்து முதல் பதினான்கு நாள். 300, 400 என்று போகிறவர்களுக்கு முழு இரண்டு கிழமையும் வேண்டும். வயது ஐம்பதைத் தாண்டியவர்கள் இதில் இரண்டு மூன்று நாளைக் கூட்டிக்கொள்ளலாம், உடம்பு ஆற அவ்வளவு எடுக்கும். மழையாலோ வேலையாலோ பயிற்சி குறைவாகவே செய்தவருக்குக் கழிக்க வேண்டிய களைப்பும் குறைவு. அவர் ஒரு கிழமையோடு நிறுத்திக்கொள்ளலாம். விட்ட பயிற்சியைக் கடைசிப் பத்து நாளில் பிடிக்கலாம் என்று மட்டும் அவர் நினைக்கக் கூடாது. அந்தப் பயிற்சியின் பலன் உடம்பில் ஊற முன்னம் பயணம் வந்துவிடும், களைப்பு மாத்திரம் நேரத்துக்கு வந்து நிற்கும்.

இரண்டாம் படி: கடைசி நீண்ட ஓட்டம்

பயணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். கடைசி நீண்ட ஓட்டம் அதற்குச் சரியாக இரண்டு கிழமை முந்திய ஞாயிறு. பயணத் தூரத்தின் மூன்றில் இரண்டு பங்கு முதல் முக்கால் பங்கு வரை போதும். வவுனியாவுக்கு என்றால் ஆனையிறவு வரை போய்த் திரும்புவது கச்சிதமாக வரும். அதே காலணி, அதே காற்சட்டை, அதே தண்ணீர்ப் போத்தல், வழியில் சாப்பிடப் போகும் அதே சாப்பாடு என்று எல்லாவற்றையும் அன்றைக்குப் பரீட்சை பாருங்கள். இதற்குப் பிறகு புதிதாக எதையும் பரீட்சை பார்க்கக் கூடாது.

மூன்றாம் படி: அன்றாட ஓட்டத்தையும் கணக்கில் எடுங்கள்

மற்ற ஊர்க்காரர் எழுதும் பயிற்சி அட்டவணைகளில் இது இருக்காது. அவர்களுக்குச் சைக்கிள் என்றால் ஞாயிற்றுக்கிழமை எடுக்கும் பொருள். எங்களுக்கோ அதில்தான் வேலை, சந்தை, ரியூஷன், கோயில், செத்தவீடு எல்லாம். கந்தோருக்கு ஒரு வழி ஆறு கிலோமீட்டர் என்றால் நாளுக்குப் பன்னிரண்டு, கிழமைக்கு அறுபது. இதைச் சேர்க்காமல் "இந்தக் கிழமை நான் இருபதுதான் ஓடினேன்" என்று சொன்னால் அது பொய்க் கணக்கு.

ஆனால் அந்த அறுபதும் முழுக் களைப்பைத் தருவதில்லை. ஒழுங்கைக்குள்ளால் மெல்ல ஓடும் ஆறு கிலோமீட்டர் காலுக்கு நல்லதுதான், இரத்தம் ஓடும். களைப்பைத் தருவது அதோடு சேர்ந்து வருபவை. கரியலில் 12.5 கிலோ காஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு வருவது, அரிசி மூட்டையோடு எதிர்காற்றில் உழக்குவது, மணி அடிக்க முன்னம் போய்ச் சேர வேண்டும் என்று எழும்பி நின்று மிதிப்பது, ஒருவரைப் பாரில் இருத்திக்கொண்டு போவது. கடைசிக் கிழமையில் இவற்றைத் தவிருங்கள். ஐந்து நிமிடம் வெள்ளன வெளிக்கிட்டால் மெல்லப் போகலாம். காஸ் முடியப் போகிறதென்றால் முந்திய கிழமையே மாற்றிவிடுங்கள். கடைசி இரண்டு நாள் தம்பியிடமோ மச்சானிடமோ மோட்டார்சைக்கிளில் ஏற்றிவிடச் சொல்லிக் கேளுங்கள்.

தோட்டம் செய்கிறவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். வெங்காயம், புகையிலைக்குத் தண்ணீர் மாறி, கொத்தி முடிக்கும் நாரிக்கும் தொடைக்கும் அது கடும் பயிற்சிதான். கொத்துகிற வேலையைப் பயணத்துக்கு ஐந்து நாள் முன்னராவது முடித்துவிடப் பாருங்கள். பாரம் தூக்கிப் பயிற்சி செய்பவர்கள் கடைசிப் பத்து நாளில் அதை நிறுத்திவிடலாம்.

நான்காம் படி: இரண்டு கிழமையின் ஓட்டம்

வழமையாகக் கிழமைக்கு 200 கிலோமீட்டர் ஓடுபவரை வைத்து எழுதுகிறேன். நீங்கள் ஓடுவது 120 என்றால் அந்த விகிதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதற் கிழமையில் மொத்தம் 125 அளவில் வர வேண்டும். நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் திங்கள் ஓய்வு. செவ்வாய் 25 கிலோமீட்டர், அதற்குள் நான்கு தரம் மூன்று நிமிட வேக ஓட்டம். புதன் ஓய்வு, உடம்பு இலேசாக இருந்தால் வீட்டைச் சுற்றி ஒரு சிறு ஓட்டம். வியாழன் 30, சாதாரண வேகம். வெள்ளி ஓய்வு. சனி 15, மிக மெல்ல. ஞாயிறு 55. பருத்தித்துறை வரை போய்த் திரும்பினால் 60க்கு மேல் வரும், நெல்லியடியோடு திரும்பினால் சரியாக இருக்கும். இந்த ஞாயிறு ஓட்டம் முடியும்போது "இன்னும் ஓடலாம்" என்று தோன்ற வேண்டும். அப்படித் தோன்றும்போதே வீட்டுக்குள் வந்துவிடுங்கள்.

இரண்டாம் கிழமை 75ஐத் தாண்டக் கூடாது. திங்கள் ஓய்வு. செவ்வாய் 25, அதற்குள் மறுபடி நான்கு தரம் மூன்று நிமிடம். புதன் 20, மெல்ல. வியாழன் 20, அதில் மூன்று தரம் ஒரு நிமிட வேகம். வெள்ளி முழு ஓய்வு. சனி விடிய 10 கிலோமீட்டர், இடையில் மூன்று தரம் அரை நிமிடம் காலைச் சுழற்றி ஓடினால் போதும். முழு ஓய்வைச் சனியில் வைக்காமல் வெள்ளியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஓய்வுக்கு அடுத்த நாள் பலருக்குக் கால் மந்தமாக இருக்கும். அந்த மந்தத்தைச் சனி விடிய ஓடும் சின்ன ஓட்டம் எடுத்துவிடுகிறது.

வேக ஓட்டம் என்று நான் சொல்வது எந்த வேகம்? கதைத்துப் பாருங்கள். முழு வசனம் பேச முடிந்தால் அது மெல்ல. இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வராவிட்டால் அதுதான் மூன்று நிமிட ஓட்டத்தின் வேகம். ஒவ்வொன்றுக்கும் இடையில் மூன்று நான்கு நிமிடம் ஆறுதலாக உழக்குங்கள். பண்ணைப் பாலம் தாண்டி மண்டைதீவுச் சந்திப் பக்கம் இதற்கு நல்ல இடம். குறுக்கு வீதிகள் குறைவு, நீரேரிக் காற்று எதிரே வந்து மேட்டுக்குப் பதிலாக நிற்கும். மேடே இல்லாத எங்களுக்கு அந்தக் காற்றுத்தான் மலை.

பலர் செய்யும் பிழை இந்த வேக ஓட்டத்தையும் விட்டுவிடுவது. இரண்டு கிழமையும் மெல்ல மெல்ல ஓடினால் உடம்பு உறங்கிப்போகும். தூரத்தை வெட்டுங்கள், வேகத்தை இருக்க விடுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

ஐந்தாம் படி: கால் பாரமாக இருந்தால் பயப்படாதீர்கள்

குறைக்கத் தொடங்கி நான்காம், ஐந்தாம் நாள் ஒரு விசித்திரம் நடக்கும். ஓய்வெடுத்தும் கால் பாரமாக இருக்கும். முழங்காலில் எங்கிருந்தோ ஓர் உளைவு. படியேறினால் மூச்சு வாங்குவது போலப் படும். தொண்டை கரகரக்கும். சும்மா இருக்க முடியாமல் வீட்டில் எல்லோர்மீதும் எரிச்சல் வரும். பழகியதெல்லாம் போய்விட்டது என்று மனம் சொல்லும்.

இது பெரும்பாலானவர்களுக்கு நடப்பது. பயிற்சிக் காலத்தில் களைப்புக்கு அடியில் கிடந்த சின்ன நோவுகள் இப்போது கவனத்துக்கு வருகின்றன. தராசில் ஏறினால் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கூடியிருக்கும். அது கொழுப்பாக இருக்கத் தேவையில்லை. ஒரு கிராம் கிளைக்கோஜன் தன்னோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அரைக் கிலோ கிளைக்கோஜன் நிரம்பினால் நிறை இரண்டு கிலோவுக்குக் கிட்டக் கூட வேண்டும்தானே. அந்தத் தண்ணீர் பயணத்தில் உங்களுக்கே உதவும். இதைப் பார்த்துப் பயந்து சோற்றைக் குறைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பாதி நிரம்பிய தாங்கியோடு புறப்பட்டார்கள்.

உளைவா, உண்மையான நோவா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. இடம் மாறி மாறி வந்து போவது உளைவு. ஒரே இடத்தில், தொட்டால் குத்தி, நாளுக்கு நாள் கூடுவது காயம். இரண்டாவதற்கு வைத்தியரிடம் போங்கள்.

காய்ச்சல் வந்தால் பயணம் இல்லை. இதில் பேச்சுக்கே இடமில்லை. தடிமனும் தும்மலும் மட்டும் என்றால் இரண்டு நாள் ஆறிப் பார்க்கலாம். உடம்பு சுட்டால், நெஞ்சுச் சளி இருந்தால், உடம்பெல்லாம் குத்தினால் நாளை மாற்றுங்கள். மழைக்காலமும் அதையொட்டிய மாதங்களும் எங்கள் பக்கம் டெங்குக் காலம். அந்த நேரத்தில் காய்ச்சல் கண்டால் பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், இபுபுறூபன், டைக்குளோபினாக் போன்ற நோக் குளிசைகளைத் தொடாதீர்கள், இரத்தப்போக்கை அவை கூட்டும். வைத்தியரைக் கண்டு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சல் இல்லாதபோதும், பயண நாளில் முற்காப்பாக நோக் குளிசை போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுவது சிறுநீரகத்துக்குக் கெடுதல்.

ஆறாம் படி: நித்திரை

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு நித்திரை வராது. மூன்று மணிக்கு எழும்ப வேண்டும் என்ற நினைப்பே எழுப்பிவிடும். பரவாயில்லை. ஓரிரவு நித்திரை குறைந்தால் கால் பலம் குறைந்துவிடாது, அதற்கு முந்திய ஐந்தாறு இரவுகள் நிறைவாக இருந்தால். ஆகவே ஞாயிற்றுப் பயணத்துக்கு முந்திய திங்கள் முதல் வெள்ளி வரை ஒவ்வொரு இரவும் அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ முந்திப் படுங்கள். எழும்பும் நேரத்தையும் மெல்ல மெல்ல முன்னுக்கு இழுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் சாய்ந்தால் இன்னும் நல்லது. நுளம்பு வலையை ஒருநாளும் விடாதீர்கள், டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும் என்பதால் மத்தியான நித்திரைக்கும் அது வேண்டும்.

தேத்தண்ணி, கோப்பியைத் திடீரென்று நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் தலையிடி வரும். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு மட்டும் குடியாமல் விடுங்கள். அதன் ஊக்கம் பாதியாகக் குறையவே ஐந்து மணித்தியாலம் அளவில் எடுக்கும்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து இந்தப் பயணத்தில் சேரும் அண்ணன் தம்பிமாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த வெக்கைக்கு உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு கிழமை வேண்டும். வந்து இறங்கி மூன்றாம் நாள் ஆனையிறவு வெளியில் பத்து மணி வெயிலில் நிற்பது ஆபத்து. நேர வித்தியாசமும் நாளுக்கு ஒரு மணித்தியாலம் அளவில்தான் சரிவரும். பத்து நாள் முந்தி வாருங்கள். வந்து ஓய்வெடுங்கள், ஆனால் குளிரூட்டிய அறைக்குள் அடைந்து கிடக்காமல் தினமும் ஒரு மணித்தியாலம் வெளியில் மெல்ல ஓடுங்கள். உள்ளூர்க்காரரும் கடைசி இரண்டு கிழமையின் எல்லா ஓட்டத்தையும் விடியற்காலைக் குளிருக்குள் ஒதுக்கிவிடக் கூடாது. இரண்டு மூன்று ஓட்டமாவது எட்டு, ஒன்பது மணி வெயிலில் இருந்தால் வெயிலுக்குப் பழகிய உடம்பு அதை மறக்காது.

ஏழாம் படி: சாப்பாடு

முதல் பத்துப் பன்னிரண்டு நாளும் வழமையான வீட்டுச் சாப்பாடு. பயிற்சி குறைந்துவிட்டதே என்று பட்டினி கிடக்காதீர்கள், பயணம் வருகிறதே என்று இரட்டிப்பாகவும் சாப்பிடாதீர்கள். மீன், முட்டை, பருப்பு நன்றாக இருக்கட்டும், தசை ஆறுகிற காலம் அது.

கடைசி இரண்டு நாள், வெள்ளியும் சனியும், மாச்சத்தை ஏற்ற வேண்டும். உடம்பு நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 8 கிராம் மாச்சத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டிக்கு ஓடுகிறவர்கள் 10, 12 வரை போவார்கள், எங்களுக்கு 8 காணும். 60 கிலோ எடை உள்ளவருக்கு 480 கிராம். அதை எங்கள் சமையலறைக் கணக்கில் சொன்னால்: காலையில் அரை இறாத்தல் பாணும் ஜாமும், ஏறக்குறைய 135 கிராம். மத்தியானம் மூன்று கோப்பை சோறு, இன்னொரு 135. இரவு 100 கிராம் அரிசிமாவில் அவித்த புட்டு, 80. இடையில் நான்கு கதலி வாழைப்பழம், 60. இனிப்புப் போட்ட தேத்தண்ணி மூன்று, 30க்குக் கிட்ட. ஒரு பெரிய மாம்பழமோ, இரண்டு துண்டு பனங்கட்டியோ சேர்த்தால் கணக்கு நிரம்பிவிடும். பார்க்க நிறையப் போலத் தெரியும். கறியும் தேங்காய்ப்பாலும் எண்ணெயும் குறைந்தால்தான் வயிறு இதற்கு இடங்கொடுக்கும். அதனால் சோற்றைக் கூட்டும்போது கறியைக் குறையுங்கள். வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத வீடுகளுக்கு இது இன்னும் சுலபம்.

சனிக்கிழமை நார்ச்சத்தையும் குறையுங்கள். வருடம் முழுவதும் சிவப்பரிசிச் சோறு நல்லதுதான். அன்று ஒருநாள் வெள்ளைப் பச்சையரிசி. கீரை, பயறு, பலாக்கொட்டை, ஒடியல் எல்லாம் ஒருநாள் ஓரமாக இருக்கட்டும். கூழ் வேண்டாம், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். நார், உறைப்பு, நண்டு, இறால் எல்லாம் ஒரே சட்டியில் இருக்கும் சாப்பாடு அது. ஐந்து மணித்தியாலம் கழித்துக் கிளிநொச்சிக்கு அப்பால் வயிறு கலக்கினால் எங்கே போவீர்கள்? கடைச் சாப்பாட்டையும் கொத்துரொட்டியையும் அந்த இரண்டு நாள் விடுங்கள். கறித்தூளைப் பாதியாக்கி, சொதியோடும் வெந்தயக்குழம்போடும் அம்மா சமைத்ததையே சாப்பிடுங்கள். நண்டுக்கறி திங்கட்கிழமைக்கு.

பெரியம்மா, மாமி வீட்டுக்குப் போனால் "இவ்வளவு தூரம் போகப் போறாய், வடிவாச் சாப்பிடு மோனை" என்று இலை நிறையப் போடுவார்கள். அந்த அன்புக்கு முன் நின்று மறுப்பது கடினம். கடைசி இரண்டு நாள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதுதான் வழி. பயணம் முடிந்து போனால் அவர்களுக்கும் சந்தோசம்.

தண்ணீரைப் பொறுத்தவரை சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. தெளிந்த தண்ணீர் போலப் போகும்வரை குடிப்பது தவறு, இரத்தத்தில் உப்பு அளவு இறங்கிவிடும். கடைசி நாளில் உப்புப் போட்ட மோரோ, தேசிக்காய்த் தண்ணீரோ, ஒரு பாக்கெட் ஜீவனியோ நல்லது. சாராயம், பியர், கள் மூன்று நாளுக்காவது வேண்டாம். நித்திரையைக் கெடுப்பதோடு தண்ணீரையும் வெளியேற்றும்.

எட்டாம் படி: சைக்கிளுக்கும் ஒரு நாள் குறியுங்கள்

சைக்கிள் வேலை எல்லாம் பயணத்துக்கு ஒரு கிழமை முன்னமே முடிந்துவிட வேண்டும். புது ரயர் போடுவதென்றால் பத்து நாள் முன்னம். செயின், பிறேக் கட்டை, கம்பிகளின் இறுக்கம் எல்லாவற்றையும் ஞாயிறு 55 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு முன்னர் பார்த்துவிட்டால் அந்த ஓட்டத்திலேயே பிழைகள் தெரிந்துவிடும். ஒருமுறை முதல் நாள் பின்னேரம் கழுவிப் பூட்டக் கொடுத்தேன். திருப்பித் தரும்போது சீற் ஒரு விரல் இறங்கியிருந்தது. இருட்டில் கவனிக்கவில்லை, பரந்தனில் இரண்டு முழங்காலும் நோகத் தொடங்கியது. இப்போது சீற் கம்பியில், அது உள்ளே இறங்கும் இடத்தில், ஒரு சுற்று ரேப் ஒட்டி வைத்திருக்கிறேன். யார் கழற்றினாலும் பழைய இடம் தெரியும்.

லுமாலா போன்ற பாரமான சைக்கிளில் போகிறவர்களும் இருக்கிறார்கள், போகலாம். அவர்கள் கடைசிக் கிழமையில் ஓடும் வேக ஓட்டத்தையும் அதே சைக்கிளிலேயே செய்ய வேண்டும், இரவல் சைக்கிளில் செய்யக் கூடாது.

இரண்டு ரியூப், ஒட்டும் சாமான், பம்ப், முன்னும் பின்னும் வெளிச்சம். சனி மத்தியானத்துக்கு முன்னரே எல்லாம் பையில் இருக்கட்டும். பின்னேரம் உங்களுக்கு வேலையே இருக்கக் கூடாது. காலை நீட்டிக்கொண்டு திண்ணையில் இருங்கள்.

புறப்படும் நாள்

மூன்று மணிக்கு எழும்புங்கள். நான்கரை, ஐந்து மணிக்குப் புறப்படுவதென்றால் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலம் கிடைக்கும். பாணும் ஜாமும், இல்லாவிட்டால் சீனியும் வாழைப்பழமும் பிசைந்த இடியப்பம். தேத்தண்ணி வழமைபோல. அந்த நேரத்தில் கொழும்பிலிருந்து வரும் இரவு பஸ்கள் யாழ்ப்பாணத்தை நெருங்கிக்கொண்டிருக்கும், வேகமாகத்தான் வரும். வீதியின் ஓரம் பிடித்து, வெளிச்சத்தோடு போங்கள்.

செம்மணி தாண்டியதும் ஓர் அதிசயம் தெரியும். கால் பறக்கும். இரண்டு கிழமை ஆறிய கால், நிரம்பிய தசை, விடியற்காற்று. வழமையாக 22இல் ஓடுகிறவருக்கு 28 சும்மா வரும், மூச்சும் வாங்காது. இரண்டு கிழமைக் குறைப்பின் பலனைப் பலர் கொடிகாமத்துக்கு முன்னரே செலவழித்துவிடுவது இந்த இடத்தில்தான். சாவகச்சேரி வரை முழு வசனம் பேசக்கூடிய வேகம், அதற்கு மேல் இல்லை. கூட வருகிறவரோடு கதைத்துக்கொண்டே போங்கள், கதை தடைப்பட்டால் வேகம் கூடிவிட்டது என்று விளங்கும். தனியே போகிறீர்கள் என்றால் ஒரு தேவாரத்தை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள்.

முதல் அரை மணித்தியாலத்துக்குள் முதல் வாழைப்பழம். பசி வரும்வரை பார்க்க வேண்டாம். அதற்குப் பிறகு மணித்தியாலத்துக்கு 60 கிராம் மாச்சத்து: ஒரு வாழைப்பழம், ஒரு பணிஸ், கொஞ்சம் பனங்கட்டி, இப்படிப் பிரித்து. சூரியன் ஏறும்போது பளைத் தென்னந்தோட்டங்களுக்குள் நிற்பீர்கள். ஆனையிறவு வெளியை வெயில் சுட முன்னம் கடந்துவிடலாம். பரந்தனில் போத்தல்களை நிரப்புங்கள். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, அங்கே ஒரு கச்சான் சரை வாங்கிப் பையில் வையுங்கள். மாங்குளம் வரை வேகத்தைக் கூட்டாதீர்கள். கூட்டுவதென்றால் மாங்குளத்துக்குப் பிறகு கூட்டலாம், காலில் இருக்கும்.